ஒரு கையில் பிடித்துச் சாப்பிடும் டாகோ: ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு எப்படிச் செய்வது?

மாலைவெயில்:

வணக்கம். சனிக்கிழமை இரவு கால்பந்து இறுதி ஆட்டம். நண்பர்கள் 12 பேர் எங்கள் வீட்டில்தான் கூடுகிறார்கள். எல்லோருக்கும் டாகோ (ரொட்டிக்குள் கறி, சீஸ் எல்லாம் வைத்துத் தரும் மெக்சிகோ உணவு) என்றால் கொள்ளை ஆசை. அதனால் கொறிப்பதற்கு அதையே செய்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் மேசையில் உட்கார்ந்து, தட்டில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துச் சாப்பிடும் டாகோ இதற்குச் சரிப்படாது. பாதிப் பேர் சோபாவில் இருப்பார்கள், மீதிப் பேர் தரையில். பதற்றம் தாங்காமல் நின்றுகொண்டே பார்க்கிறவர்களும் உண்டு. கண் திரையில் இருக்கும், ஒரு கையில் குளிர்பானம் இருக்கும். மிச்சமுள்ள கையால் எடுத்து இரண்டு கடியில் முடிக்கும்படி இருக்க வேண்டும்.

கடையில் விற்கும் வளைந்த மொறுமொறு ஓடு முதல் கடியிலேயே நடுவில் பிளந்து உள்ளிருப்பதை மடியில் கொட்டிவிடுகிறது. டார்ட்டிலா என்ற மென்மையான மெல்லிய ரொட்டியில் சுற்றினால் சற்று நேரத்தில் அடிப்பக்கம் ஊறிக் கிழிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு வழி இருக்கிறதா? முன்கூட்டியே எதுவரை செய்து வைக்கலாம்? நானும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும், சமையலறையிலேயே நின்றுவிட மனமில்லை. வருகிறவர்களில் இரண்டு பேர் சைவம், இன்னொருவருக்குக் கோதுமை ஆகாது.

கொத்தமல்லிக்கட்டு:

மாலைவெயில், உங்களுக்குத் தேவை கிண்ண டாகோ, அதாவது டார்ட்டிலாவைச் சிறு கிண்ணமாகச் சுட்டு உள்ளே நிரப்புவது. எங்கள் வீட்டில் ஆட்டம் என்றால் இதுதான். வேறு எதைச் செய்தாலும் இதைத்தான் முதலில் தேடுகிறார்கள். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் சின்னச் சின்ன விஷயங்கள்தான் எல்லாம்.

20 சென்டிமீட்டர் அகலமுள்ள கோதுமை டார்ட்டிலா ஒன்றில் 8 சென்டிமீட்டர் வட்டங்கள் நான்கு வெட்டலாம். அந்த அளவில் ஒரு கண்ணாடித் தம்ளரோ டப்பா மூடியோ இருந்தால் போதும். ஆறு டார்ட்டிலாவுக்கு 24 வட்டங்கள் கிடைக்கும். 24 குழிகள் கொண்ட சிறிய மஃபின் தட்டுக்கு அது சரியாக இருக்கும். ஆளுக்கு நான்கு என்று வைத்தால் உங்களுக்கு 48 வேண்டும், அதாவது 12 டார்ட்டிலா. வட்டங்களை ஈரத்துணியில் சுற்றி மைக்ரோவேவில் 20 வினாடி சூடாக்குங்கள். சூடு இருக்கும்போதே குழிக்குள் அழுத்திவிட வேண்டும், ஆறினால் மடிப்பில் விரிசல் விழும். இரண்டு பக்கமும் எண்ணெய் லேசாகத் தடவி, உள்ளே எதுவும் வைக்காமல், 190 டிகிரி செல்சியஸில் எட்டு முதல் பத்து நிமிடம் சுடுங்கள். விளிம்பு பொன்னிறமாக மாறியதும் எடுத்துவிடலாம்.

எடுத்தவுடன் தட்டிலிருந்து வெளியே தூக்கிக் கம்பி வலையில் ஆறவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சூடான தட்டிலேயே கிடந்தால் அடியில் ஆவி அடங்கி, மொறுமொறுப்பாகச் சுட்டது மீண்டும் தொய்ந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் இரண்டு நாள் தாங்கும். ஆகவே கிண்ணங்களை வியாழக்கிழமை இரவோ வெள்ளிக்கிழமையோ முடித்துவிடலாம்.

அடுத்தது கொத்துக்கறி. 24 கிண்ணத்துக்கு அரைக் கிலோ சரியாக இருக்கும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கி, கறியைச் சேர்த்துக் கட்டிகளை உடைத்தபடி கிளறுங்கள். நீர் வற்றி, வாணலியின் அடியில் கறி பிடித்துச் சிவந்து, சடசடவென்று ஓசை வரும்வரை பொறுமை வேண்டும். மசாலாவை அதற்குப் பிறகுதான் போட வேண்டும்: காரம் குறைந்த மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, சீரகத்தூள் இரண்டு தேக்கரண்டி, பப்ரிகா ஒரு தேக்கரண்டி, ஓரிகானோ அரைத் தேக்கரண்டி, பூண்டுப் பொடி அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. கொழுப்பில் அரை நிமிடம் வாசனை எழும்பட்டும். பிறகு ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதும் 100 மில்லி தண்ணீரும் ஊற்றி மீண்டும் வற்றவிடுங்கள். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தப் பள்ளத்துக்குள் சாறு ஓடி வராமல் இருந்தால் பதம் வந்துவிட்டது. சாறு ஓடினால் இன்னும் வற்ற வேண்டும். தட்டில் வைத்துச் சாப்பிடும் டாகோவில் அந்தச் சாறு சுவை கூட்டும். கையில் எடுக்கும் டாகோவில் அதுதான் கிண்ணத்தை ஊறவைக்கும், சட்டையையும் கறையாக்கும்.

இப்போது அடுக்கும் வரிசை. இதை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் சீஸ், அதன் மேல் கறி, கறிக்கு மேல் மீண்டும் கொஞ்சம் சீஸ். அடியிலுள்ள சீஸ் உருகிக் கிண்ணத்தின் உட்புறத்தில் மெழுகுபோலப் படிந்துவிடும். கறியின் ஈரம் அந்தக் கொழுப்பைத் தாண்டி டார்ட்டிலாவுக்குள் இறங்குவதற்கு நேரமாகும். மேலிருக்கும் சீஸ் கறித்துகள்களைக் கட்டிப் பிடிக்கும், சாய்த்தாலும் உதிராது. சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். துருவி விற்கும் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், அது வழவழப்பாக உருகாது. 180 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும்.

தக்காளி, குவாக்கமோலே (அவகாடோ மசியல்), புளித்த கிரீம் எதுவும் ஓவனுக்குள் போகக் கூடாது. பரிமாறும்போது ஒவ்வொன்றின் மேலும் சிறு பொட்டு அளவு கிரீம், நாலைந்து துண்டு தக்காளி, ஒரு கொத்தமல்லி இலை. அவ்வளவுதான். குவித்து வைத்தால் இரண்டு கடியில் முடியாது.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் ஒரு பாதி 45 நிமிடம், இடைவேளை அதிகபட்சம் 15 நிமிடம். 48 கிண்ணத்தையும் ஒரே தடவையில் சூடாக்காதீர்கள். பாதியை ஆட்டம் தொடங்கும்போது கொடுங்கள். மீதியை அடுக்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, முதல் பாதி முடியப் போகும்போது ஓவனை மூட்டினால் இடைவேளையில் சுடச்சுடக் கொடுக்கலாம். குளிர்ந்திருப்பதால் ஐந்துக்குப் பதில் ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். நீங்கள் ஒரு கோலையும் தவறவிட மாட்டீர்கள்.

இடப்பக்கவாட்டு:

கிண்ணம் நல்ல யோசனைதான். ஆனால் கூட்டம் எழுந்து குதிக்கும் ஆட்டத்துக்கு நான் டாக்கிட்டோவைத்தான் சொல்வேன். சுருட்டிப் பொரிக்கும் குட்டி டாகோ அது. கிண்ணத்தின் வாய் திறந்திருக்கிறது, டாக்கிட்டோவில் எல்லாம் உள்ளே அடங்கியிருக்கிறது. பெனால்டி நேரத்தில் கையில் பிடித்தபடி எழுந்து நின்றாலும் ஒன்றும் சிந்தாது.

கோதுமை ஆகாதவருக்கும் இதுவே நல்லது, ஏனென்றால் இதற்கு மக்காச்சோள டார்ட்டிலாதான் பொருத்தம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் மக்காச்சோளத்தில் இல்லை. அதனால்தான் இழுவைத்தன்மை குறைந்து, குளிர்ந்த டார்ட்டிலாவைச் சுருட்டினால் உடனே உடைகிறது. சூடான தோசைக்கல்லில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு ஒவ்வொரு பக்கமும் சில வினாடி புரட்டி எடுங்கள். துணிபோல வளையும். கோழிக்கறியை வேகவைத்து நாராகப் பிய்த்து, கொஞ்சம் கிரீம் சீஸ், எலுமிச்சைச் சாறு, சீரகத்தூள் சேர்த்துப் பிசைந்து, ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் வைத்து இறுக்கிச் சுருட்டுங்கள். விளிம்பு அடியில் வருமாறு தட்டில் வைத்தால் குச்சி குத்தத் தேவையில்லை. மேலே எண்ணெய் தடவி 220 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பக்கங்கள் வெளிறியே இருக்கும்.

இதைச் சுடாமல் உறையவைத்துவிடலாம் என்பது இன்னொரு வசதி. உறைந்தபடியே ஓவனில் வைத்து, சில நிமிடம் கூடுதலாகக் கொடுத்தால் போதும். ஒன்று மட்டும் முக்கியம்: பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மக்காச்சோள டார்ட்டிலா என்ற பெயரில் கோதுமை மாவு கலந்தும் விற்கிறார்கள்.

மாலைவெயில்:

இருவருக்கும் மிக்க நன்றி. கிண்ணம்தான் முதன்மை, கோதுமை ஆகாதவருக்கு டாக்கிட்டோ என்று வைத்துக்கொள்கிறேன். சைவத்துக்கு என்ன செய்யலாம்? குவாக்கமோலேயை மதியமே செய்தால் இரவுக்குள் கறுத்துவிடாதா?

நீலத்தட்டு:

சைவத்துக்கு நான் சொல்கிறேன், நான் சைவம்தான். தயவுசெய்து வெறும் காய்கறியை வதக்கி வைத்துவிடாதீர்கள். கறி டாகோவுக்கு நடுவில் அது பேருக்கு வைத்த பொருள்போலத் தெரியும், நீரும் விடும். வேகவைத்த கறுப்பு பீன்ஸைப் பாதி மசித்துப் பாதி முழுதாக விட்டு, வதக்கிய வெங்காயம், பூண்டு, சீரகத்தூள், சிப்போட்லே சேர்த்துக் கெட்டியாகக் கிளறுங்கள். சிப்போட்லே என்பது புகையில் உலர்த்திய பழுத்த ஹாலபேன்யோ மிளகாய். கறி இல்லாத இடத்தில் அந்தப் புகைவாசனைதான் ஆழத்தைக் கொடுக்கும். மசித்த பீன்ஸ் கிண்ணத்தில் நன்றாக ஒட்டிக்கொள்ளும், சீஸ்கூட அவசியமில்லை. மேலே கரிபடச் சுட்ட இனிப்புச் சோளமணிகளைத் தூவுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களும் இதை எடுப்பார்கள், ஆகவே இரண்டு பேருக்கு என்று கணக்குப் போடாமல் பத்துப் பன்னிரண்டு செய்யுங்கள்.

தனித் தட்டில் சுட்டு, தனி இடுக்கியோடு வையுங்கள். ஒரே தட்டில் கறியும் பீன்ஸும் அடுத்தடுத்து இருந்தால் எது எது என்று அரையிருட்டில் யாருக்கும் தெரியாது. சைவம் சாப்பிடுகிறவர் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கேட்டு எடுக்கும் சங்கடத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

மெக்சிகோவில் தெருக்கடை டாகோ மென்மையான சிறிய மக்காச்சோள டார்ட்டிலாவில், பெரும்பாலும் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத்தான் வருகிறது. ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கும். மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் மட்டும். கொத்துக்கறி, சீஸ், மொறுமொறு ஓடு என்பது அமெரிக்காவில் வளர்ந்த பாணி. நேரமிருந்தால் அந்தத் தெருக்கடை முறையையும் ஒருநாள் செய்து பாருங்கள், ஆனால் அதை நின்றபடி, தலையைச் சாய்த்து, முழுக் கவனத்தோடு சாப்பிட வேண்டும். ஆட்ட நாளுக்கு உங்கள் கிண்ணமே சரி.

கொத்தமல்லிக்கட்டு:

நீலத்தட்டு சொன்ன தனித் தட்டு விஷயத்தை வழிமொழிகிறேன்.

குவாக்கமோலே கறுப்பது காற்றுப்படுவதால்தான். வெட்டிய அவகாடோவிலுள்ள ஒரு நொதி ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாக்குகிறது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அதைத் தாமதப்படுத்தும், ஆனால் அது மட்டும் போதாது. கிண்ணத்தில் அழுத்தி நிரப்பி, பிளாஸ்டிக் தாளைக் கிண்ணத்தின் வாயில் கட்டாமல் குவாக்கமோலேயின் மேலேயே படியும்படி ஒட்டுங்கள். நடுவில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. மதியம் செய்தது இரவிலும் பச்சையாகவே இருக்கும். தக்காளியை அதில் கலக்காதீர்கள், நீர்த்துவிடும்.

தக்காளி சல்சாவுக்கும் அதே எச்சரிக்கைதான். விதைப் பகுதியை வழித்து எறிந்துவிட்டுச் சதையை மட்டும் பொடியாக நறுக்குங்கள். வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி எல்லாம் சேர்த்து வைக்கலாம், உப்பை மட்டும் பரிமாறுவதற்குச் சற்று முன் போடுங்கள். முன்பே போட்டால் தக்காளி தண்ணீரைக் கக்கிவிடும். அப்படிக் கக்கியிருந்தால் வடிகட்டியில் ஊற்றி ஓடவிடுங்கள்.

புளித்த கிரீமைத் தடிமனான பிளாஸ்டிக் பையில் நிரப்பி, ஓரத்தை மயிரிழை அளவுக்கு வெட்டிப் பிழிந்தால் 24 கிண்ணத்துக்கும் ஒரு நிமிடத்தில் பொட்டு வைத்துவிடலாம். காரம் தாங்காதவர்களுக்குக் கிரீம் கொஞ்சம் கூட இருக்கட்டும். மிளகாயின் எரிச்சல் தண்ணீரில் கரையாது, பால்கொழுப்பில் கரையும்.

கறி, சீஸ், கிரீம் எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாதீர்கள். கூடுதல் நேரம், பெனால்டி என்று ஆட்டம் நீளும்போது இது மறந்துபோகும். இரண்டாவது தட்டைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாலைவெயில்:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். 36 கறிக் கிண்ணம், 12 பீன்ஸ் கிண்ணம், ஒரு டஜன் டாக்கிட்டோ. கடைசியாக ஒன்று: என்னிடம் சிறிய மஃபின் தட்டு இல்லை, 12 குழிகள் கொண்ட பெரிய தட்டுதான் இருக்கிறது. அதில் செய்யலாமா?

கொத்தமல்லிக்கட்டு:

பெரிய குழிக்குள் 8 சென்டிமீட்டர் வட்டத்தை வைத்தால் சுவர் எழும்பாது, தட்டையாகிவிடும். அதற்குப் பதில் தட்டைக் கவிழ்த்துப்போட்டு, குழிகளின் முதுகுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் வட்டங்களைச் செருகுங்கள். நான்கு பக்கமும் முதுகு தாங்கிப் பிடித்துக்கொள்ளும், குறுகலான ஆழமான கிண்ணம் கிடைக்கும். 12 குழித் தட்டில் அப்படி ஆறு பள்ளங்கள் இருக்கும். ஆகவே எட்டு ஈடு சுட வேண்டியிருக்கும். வியாழன் இரவே தொடங்கிவிடுங்கள், அல்லது யாரிடமாவது சிறிய தட்டை இரவல் வாங்கிவிடுங்கள்.

இடப்பக்கவாட்டு:

சிறிய தட்டு கிடைக்காவிட்டால் டாக்கிட்டோவை இரண்டு டஜனாக்கிவிட்டுக் கிண்ணத்தைப் பாதியாகக் குறையுங்கள். வேலை மிச்சமாகும், ஆட்டத்தையும் நிம்மதியாகப் பார்ப்பீர்கள்.