புதுப்பிப்பு: காக்காவின் சிங்கப்பூர்ச் சந்தா கீழக்கரையில் ஏன் எடுபடவில்லை

சிங்கப்பூரில் இருக்கும் என் காக்கா (அண்ணன்), ஒரு படநிறுவனம் வெளிநாட்டுச் சந்தைக்கென நடத்தும் ஓடிடி (இணையவழிப் படம் காட்டும்) தளத்துக்கு அங்கேயே ஓராண்டுச் சந்தா கட்டிக் கடவுச்சொல்லை எங்களுக்கும் தந்தார் என்றும், கீழக்கரையில் படங்கள் ஓட மறுக்கின்றன என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். கணக்கிலோ வீட்டு இணைப்பிலோ கோளாறு இல்லை. திரையிடும் உரிமை நாடுவாரியாக விற்கப்படுவதால், பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை ஐபி முகவரியை (இணைய இணைப்புக்குரிய அடையாள எண்ணை) கொண்டு கணித்து, அந்த நாட்டுக்கு உரிமை இல்லாதவற்றைத் தளமே மறைத்துவிடுகிறது.

ஒரே நிறுவனம் நாட்டுக்கு நாடு வேறு தளம் நடத்துவதும் உண்டு; வேறொரு நிறுவனமான டிஸ்னியைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். 2019 நவம்பர் 12 அன்று அமெரிக்காவில் தொடங்கிய டிஸ்னி பிளஸ், 2020 ஏப்ரலில் இந்தியாவுக்கு ஹாட்ஸ்டாருடன் இணைந்தே வந்தது. 2025 பிப்ரவரி 14 முதல் அந்த இந்தியத் தளம் ஜியோஹாட்ஸ்டார். இலத்தீன் அமெரிக்காவிலோ 2021 ஆகஸ்டில் ஸ்டார் பிளஸ் என்ற தனித் தளத்தைத் தொடங்கி, 2024இல் அதை டிஸ்னி பிளஸ்ஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

விபிஎன் (வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் இணைய வசதி) போடச் சொன்னவர்களுக்கு நன்றி. பல தளங்களின் விதிகள் அதை ஏற்பதில்லை என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. உம்மாவுக்காக (அம்மாவுக்காக) இந்தியச் சந்தா ஒன்றை மூன்று மாதத்துக்கு மட்டும் எடுத்திருக்கிறேன். ஓராண்டுச் சந்தாவைக் காக்காவே அங்கு பார்த்துத் தீர்க்கட்டும்.