தண்ணி கரண்டு சுத்தமான கரண்டுதானே, அப்புறம் ஏன் மியிட்சோனுக்கு இவ்வளவு எதிர்ப்பு?

பெகு டீக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல பெகு ஊர்ல சின்னதா டீக்கடை, காலையில இட்லி தோசை. கரண்டு நிலைமை உங்களுக்கே தெரியும். நாலு மணி நேரம் வரும், போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. இந்தத் தின்ஜானுக்கு (ஏப்ரல்ல வர்ற பர்மாப் புத்தாண்டு) அரைச்சு வச்ச மாவு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே புளிச்சுப் பொங்கி வழிஞ்சுது, ஒரு அண்டா மாவைச் சாக்கடையில கொட்டினேன். ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தினா இட்லி வித்த காசு அதுக்கே சரியாப் போகுது.

நேத்து கடையில பேச்சு வந்துச்சு. வடக்கே கச்சின் மாநிலத்துல ஐராவதி ஆத்துல கட்ட ஆரம்பிச்சு நிறுத்தின மியிட்சோன் அணையைக் கட்டியிருந்தா 6,000 மெகாவாட், இப்படி மெழுகுவத்தி வச்சு டீ ஆத்த வேண்டாம்னு சொன்னேன். காலேஜ் படிக்கிற என் மக சண்டைக்கு வந்துட்டா. "அப்பா, அது காட்டையே முழுங்கிடும்"ங்கிறா. நிலக்கரி எரிச்சா புகை, அது புரியுது. தண்ணி விழுந்து சக்கரம் சுத்துறதுல என்ன கெடுதி? எங்க தாத்தா ராமநாதபுரம் பக்கம். அங்க வைகையில அணை கட்டி எத்தனையோ வருஷமாச்சு, ஊர் அழிஞ்சா போச்சு?

அரசியல் வேண்டாம். காட்டுக்கு என்ன ஆகும்னு மட்டும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மிச்சீனா மருமக:

அண்ணே, கல்யாணமாகிப் போய் பதினாறு வருஷம் மிச்சீனாவுல இருந்தவ நான். எங்க வீட்டுக்காரருக்கு அங்க பலசரக்குக் கடை. மியிட்சோன் சங்கமம் அங்கிருந்து வடக்கே நாப்பது கிலோமீட்டர் சொச்சம். மாலிகா, நிமைகா ரெண்டு ஆறும் வந்து சேருது. மியிட்னா ஆறு, சோன்னா சேருறது. நம்ம பாஷையில கூடுதுறை. ஐராவதிங்கிற பேரே அங்கேதான் ஆரம்பம்.

முதல் தடவை போனப்ப நான் பார்த்தது காடுதான். மலை மேல மேகம் உக்காந்திருக்கும், மூங்கில், பெரிய பெரிய மரம், அதுல ஆர்க்கிட் தொங்கும். கச்சின் பொம்பளைங்க கூடையில கொண்டு வர்ற காட்டுக் கீரைக்கு எனக்குப் பேரே தெரியாது. கேட்டா சிரிப்பாங்க. வாங்கி வந்து பருப்புல போட்டா எங்க மாமியாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அணை வந்தா தண்ணி நிக்கிற பரப்பு ஏறக்குறைய சிங்கப்பூர் அளவுன்னாங்க. அதோட, வர்ற கரண்டுல 90 சதவீதம் சீனாவுக்கு. இது முக்கியம் அண்ணே, உங்க இட்லி மாவுக்கு அது வந்திருக்காது.

கட்ட வந்த சீனக் கம்பெனியே காசு கொடுத்து ஒரு ஆய்வு எடுத்துச்சு. பர்மா நிபுணர்களும் சீன நிபுணர்களும் சேர்ந்து செஞ்சது. அதுலயே சங்கமத்துல கட்ட வேண்டாம், அதுக்கு மேல ரெண்டு சின்ன அணை போதும்னு எழுதி வச்சிருந்தாங்க. எதிர்ப்பு பெருசாகி 2011 செப்டம்பர் 30-ம் தேதி அதிபர் தெயின் செயின் வேலையை நிறுத்தினார்.

ஆனா அதுக்குள்ள தன்ப்ரே ஊர்க்காரங்களைக் கிளப்பி அவுங்மியின்தாவுல குடி வச்சுட்டாங்க. வரிசையா ஒரே மாதிரி வீடு, பார்க்க அழகு. தோட்டம் போட மண் இல்லை, ஜல்லிதான். எங்க கடைக்கு மஞ்சளும் இஞ்சியும் கொடுத்துட்டு இருந்த ஒரு அம்மா, பிறகு எங்க கடையிலேயே அரைக்கிலோ மஞ்சள் வாங்குனாங்க. காசை எண்ணி வச்சப்ப எனக்கு அவங்க முகத்தைப் பார்க்க முடியல.

இன்னொண்ணும் சொல்லணும். அணை வேலை நின்னுச்சே தவிர ஆறு பிழைக்கல. தங்கம் தோண்டுறவங்க கரையைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. தங்கம் பிரிக்கப் பாதரசம் வேற.

பழைய லைன்மேன்:

தம்பி, சக்கரம் சுத்துறதுல கெடுதி இல்ல. சக்கரத்துக்குப் பின்னாடி தேக்குற தண்ணியிலதான் கெடுதி.

கயா மாநிலத்துல லோபித்தா நீர்மின் நிலையத்துல நான் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். இன்லே ஏரித் தண்ணிதான் பீலுசவுங் ஆறு வழியா மோபியே தேக்கத்துக்கு வந்து அங்க இறங்குது. பீலுன்னா அரக்கன், பேரைப் பாரு. ஜப்பான்காரன் யுத்த நஷ்டஈடா கட்டிக் கொடுத்தது, 1960-ல ஓட ஆரம்பிச்சுது. மோபியே தேக்கத்தால 12,000 பேருக்கு மேல ஊரை விட்டுப் போனாங்கன்னு கயா மக்கள் கணக்கு சொல்றாங்க. அந்தக் கரண்டு ரங்கூனுக்கும் மாந்தலேக்கும் ஓடுச்சு. கரண்டுக் கம்பிக் கோபுரத்துக்கு அடியில இருந்த குடிசையில மண்ணெண்ணெய் விளக்கு. கோபுரத்தைக் காக்க சுத்தி கண்ணிவெடி. ஒரு நாள் மாடு ஒண்ணு மிதிச்சதைப் பார்த்தேன். வேற சொல்ல வேண்டாம்.

வைகையைப் பத்திச் சொன்னே. உன் தாத்தா ஊர்ல வருஷத்துல எத்தனை நாள் ஆத்துல தண்ணி ஓடுதுன்னு ஒரு போன் போட்டுக் கேளு.

ரங்கூன் வாசி:

எல்லாரும் காடு காடுன்னு அழுதா ஆஸ்பத்திரிக்குக் கரண்டு எங்கிருந்து வரும்? மியித்ஙே ஆத்துல யேவா அணை, 790 மெகாவாட், 2010-ல வந்தது. அதுவும் இல்லாட்டி இன்னைக்கு நாம என்ன ஆயிருப்போம்? அணையே வேண்டாம்னு சொல்றவங்க வீட்டு ஃபேனை முதல்ல நிறுத்தட்டும்.

மோல்மீன் டீச்சர்:

ரங்கூன் வாசி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. எல்லா அணையும் ஒன்றல்ல. இடுக்கான பள்ளத்தாக்கில் உயரமாகக் கட்டினால் குறைந்த நிலம் மூழ்கும், நிறைய மின்சாரம் வரும். தட்டையான மழைக்காட்டில் கட்டினால் தலைகீழ்.

அதற்கு உலகமே காட்டும் உதாரணம் பிரேசிலின் பல்பினா அணை. அமேசான் காட்டில் 1980-களில் கட்டினார்கள். மூழ்கிய பரப்பு சுமார் 2,360 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூர் போல மூன்று. கிடைத்தது 250 மெகாவாட், யேவாவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மரங்களை வெட்டாமலே தண்ணீரைத் தேக்கினார்கள். மொட்டை மரங்கள் இன்னும் நீருக்கு மேல் நிற்கின்றன. குன்றுகளின் உச்சி மட்டும் தப்பி 3,500-க்கும் மேற்பட்ட தீவுகள் ஆயின. சின்னத் தீவுகளில் பெரிய விலங்குகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. அங்கிருந்த வைமிரி அத்ரோவாரி பழங்குடியினரின் நிலமும் உள்ளே போயிற்று.

"சுத்தமான கரண்டு" என்ற கேள்விக்கு வருகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குள் வாழை மட்டையைப் போட்டு ஒரு மாதம் மூடி வைத்துப் பாருங்கள், திறக்கும்போது வருகிற நாற்றம் தெரியும். மூழ்கிய காடு அதைத்தான் செய்கிறது. அடியில் பிராணவாயு இல்லாமல் இலையும் மரமும் அழுகும்போது மீத்தேன் கிளம்பும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். அடித்தண்ணீர் விசையாழி வழியாக வெளியே பாயும்போது, சோடா பாட்டிலைத் திறந்தது போல அந்த வாயு வெளியேறும். பல்பினா அதே அளவு மின்சாரம் தரும் நிலக்கரி நிலையத்தைவிட மோசம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு.

இன்னொன்று, பெகு அண்ணா. உங்கள் மாவு பொங்கியது தின்ஜானில், கோடையில். அணைகளில் தண்ணீர் குறைவதும் அப்போதுதான்.

பியாபோன் வயல்:

நாங்க ஐராவதி டெல்டாவுல நாலு தலைமுறையா நெல்லு போடுறவங்க. மேல அணை கட்டினா கீழ எங்களுக்கு மண்ணு வராது. ஐராவதி கொண்டு வர்ற வண்டல்தான் எங்க வயலு. அது நின்னா கடல் உள்ள வரும், உப்பு ஏறும். நர்கிஸ் புயல் அடிச்சது 2008 மே மாசம், அதுக்கப்புறம் உப்பு ஏறின வயல்ல நட்ட நாத்து எப்படிக் கருகுச்சுன்னு எங்க அப்பாவைக் கேக்கணும். ஙாதலாவ் மீனும் முட்டை போட ஆத்து மேல ஏறிப் போற மீன். அதுக்கு அணையில கதவு யார் தொறப்பா?

பெகு டீக்கடை:

எல்லாருக்கும் நன்றி. மகளுக்குப் படிச்சுக் காட்டினேன், "இதைத்தானே நானும் சொன்னேன்"னு ஒரு முறைப்பு. தாத்தா ஊருக்கும் போன் போட்டேன், லைன்மேன் அண்ணே. சித்தப்பா பெருசா சிரிச்சார். ஆத்துல பசங்க கிரிக்கெட் விளையாடுறாங்களாம்.

ரங்கூன் வாசி கேட்ட கேள்வி எனக்கும் இருக்கு, நான் அதை விடல. இந்த மாசம் சீட்டுப் பணம் எடுத்ததும் ஒரு சோலார் தகடும் பாட்டரியும் போடலாம்னு இருக்கேன். ஃப்ரிட்ஜ் ஓட எத்தனை வாட்ஸ் தகடு வேணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. மிச்சீனா தங்கச்சி, அந்த மஞ்சள் அம்மா இப்ப எங்க இருக்காங்க? மீதியை ராத்திரி வந்து எழுதுறேன், கரண்டு வந்துருச்சு, மோட்டார் போடணும்.