விமானச் சத்தத்தை அளப்பதில் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். ஓடுபாதையை ஒட்டிய குடியிருப்புகள் சார்பில் மனு தயாராகிறது. "தூக்கமே இல்லை" என்று மட்டும் எழுதினால் ஒரு பதில் கடிதத்தோடு கதை முடியும். எண்கள் வேண்டும்.

இப்போதைய ஏற்பாடு: வகுப்பு 2 துல்லியம் கொண்ட ஒலிமானி, ஏ-வெயிட்டிங் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளப்பது), 'ஸ்லோ' நிலை (ஏற்ற இறக்கத்தை மெதுவாகக் காட்டுவது). மைக் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 3.5 மீட்டர் தள்ளி. சுவரருகே வைத்தால் எதிரொலி சேர்ந்து 3 டெசிபல் வரை கூடிவிடும். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். மைக்குக்குப் பஞ்சு உறை உண்டு. தொடக்கத்திலும் முடிவிலும் 94 டெசிபல் கேலிப்ரேட்டரில் (தெரிந்த அளவு ஒலி தரும் கருவி) மானியைச் சரிபார்க்கிறோம். போன் ஆப் அளவுகளைச் சேர்க்கவில்லை.

சத்தத்தை விமானத்தோடு பொருத்த ஏடிஎஸ்-பி ரிசீவர் (விமானங்கள் ஒலிபரப்பும் இடம், உயரத் தகவலைப் பிடிக்கும் கருவி) இருக்கிறது. ஆனால் அது தரும் உயரம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான காற்றழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. அன்றைய அழுத்தத்துக்கு ஏற்ப, 1 ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி வீதம் திருத்த வேண்டும். இதற்கான எக்செல் தாள் யாரிடமாவது இருக்கிறதா?

பெரிய குழப்பம் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் விமான இரைச்சலுக்குப் பரிந்துரைத்த இரவு வரம்பு 40 டெசிபல். அது ஆண்டுச் சராசரி. நம்மிடம் இருப்பதோ ஒவ்வொரு விமானத்தின் உச்ச அளவு. இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. காற்று மாறினால் ஓடுபாதைத் திசையும் மாறுவதால் இரண்டு வாரப் பதிவு போதாது என்றே படுகிறது. குறைந்தது எத்தனை நாள் அளக்கலாம்? நாய்க் குரைப்பு, ஹாரன் சத்தத்தை எப்படிப் பிரிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.