அம்மா முகம் பார்க்கும் நாள்

நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்ற தலம் அதுதான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். 3,700 மீட்டருக்கு மேல் உயரம், முட்டிவலியோடு எப்படிப் போவது என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். அவர் காலமாகி ஆறு வருடம் கழித்து, 2024 மே மாதம், நான் போனேன். கோயிலில் கொட்டும் 108 நீர்த்தாரைகளின் கீழும் அவரை நினைத்தே தலையை நீட்டினேன்.

ஆனால் சொல்ல வந்தது திரும்பும் வழியில் காத்மாண்டுவில் நடந்தது.

நாங்கள் தங்கிய விடுதியை நடத்தியவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மாள். எனக்கு ஓரளவு இந்தி தெரியும் என்பதால் இரவில் பேசிக்கொண்டிருந்தோம். நான் அவரை ‘தீதி’ என்றேன், அவர் என்னை ‘பஹினி’ என்றார். அக்கா, தங்கை. முக்திநாத் கதையைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாளைக்கு மாதாதீர்த்த அமாவாசை. உனக்கும் தாய் இல்லை, எனக்கும் இல்லை. என்னோடு வா” என்றார்.

மறுநாள், மே 8. நம் சித்திரை அமாவாசை அங்கே தாய்க்கு உரிய நாள். ‘அம்மா முகம் பார்க்கும் நாள்’ என்றே அதற்குப் பெயர். தாய் உயிரோடு இருப்பவர்கள் இனிப்பும் பழமும் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறார்கள். இல்லாதவர்கள் நகரத்துக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் மாதாதீர்த்தத்துக்குப் போகிறார்கள். தாயை இழந்த ஒரு மாட்டுக்காரன் அந்தக் குளத்தில் உணவைப் போட, தண்ணீரில் அவன் தாயின் முகம் தெரிந்ததாம். பெரிய குளம் குளிப்பதற்கு, சிறியது முகம் பார்ப்பதற்கு.

விடிவதற்குள் அங்கே நல்ல கூட்டம். ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்றார்கள். என் கண் அதிலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் திதி கொடுப்பதில்லை. எள்ளும் தண்ணீரும் இறைப்பது அண்ணன். நான் அடுப்படியில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அம்மாவின் பெயரைப் புரோகிதர் சொல்வது கூடத்திலிருந்து காதில் விழும், அவ்வளவுதான்.

குளித்துவிட்டு, தானம் கொடுக்க அரிசி, பருப்பு, காய்கறி வாங்கினோம். கடைக்காரப் பெண் அதை வைத்துக் கொடுத்த இலையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. சால மர இலைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூங்கில் சிம்பால் தைத்த தையல் இலை. அம்மா மத்தியான நேரங்களில் திண்ணையில் உட்கார்ந்து ஆலிலை தைப்பார். ஈர்க்கை ஒரு குத்து குத்தி, மறுபக்கம் இழுத்து, மிச்சத்தைப் படக்கென்று ஒடிப்பார். அந்த ஒடிக்கிற சத்தம் என் பிள்ளைப்பருவம் முழுவதும் கேட்டது. விரலால் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தேன். சிம்பின் நுனி சற்று நீட்டிக்கொண்டிருந்தது. அம்மாவாக இருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டார். பரிமாறுகிறவள் கையில் குத்தும் என்பார். நானே அதை ஒடித்துவிட்டேன்.

குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த புரோகிதர் தாயின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அதில் வரும் ழகரம் அவருக்குப் பிடிபடவில்லை. ஏதோ ஒரு பெயர் வந்தது. “இல்லை” என்று மறுபடி சொன்னேன். மறுபடியும் தவறினார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. தீதி என் தோளில் கைவைத்து, “அவசரமில்லை, சொல்” என்றார். நாக்கை மடித்துக் காட்டி மெதுவாகச் சொன்னேன். பெரியவர் என் வாயையே பார்த்து, எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்து, என் கையில் நீரை வார்த்தார். என் விரல் வழியாக அது இலையில் இருந்த அரிசிமேல் இறங்கியது.

சிறிய குளத்தையும் குனிந்து பார்த்தேன். பூவும் குங்குமமும் மிதந்தன, தண்ணீர் அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் தீதி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவர் தாய் போய் நாற்பது வருடமாம்.

அன்று இரவு அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ எப்படிக் கொடுக்கலாம் என்று கேட்பாரோ என்று உள்ளூரப் பயம். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அம்மா பெயரைச் சரியாகச் சொன்னாரா?” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார் என்றேன்.