குறைந்த விலைச் சக்கிமுக்கித் துப்பாக்கி வாங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளுக்கு அப்பால் பழைய துப்பாக்கிகளோடு எனக்குப் பழக்கமில்லை. கேள்வி, பென்சில்வேனியாவில் வசிக்கும் என் தம்பிக்காக. அங்கே 1974 முதல், கல் எஃகில் உரசி எழும் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் இருப்பதால், கேப் (அடித்தால் வெடிக்கும் சிறு மூடி) வைத்துச் சுடும் எளிய வகையில் பழகிவிட்டு வா என்று அவனிடம் சொல்லவும் வழியில்லை.

விலை குறைவென்று அவன் வாங்கிய பழைய துப்பாக்கியைக் காணொலி அழைப்பில் பார்த்தேன். குதிரை (கல்லைப் பிடித்திருக்கும் சுத்தி போன்ற பாகம்) விழுந்ததும் கல் எஃகுத் தகட்டைக் கீறியதே தவிர, இரண்டு மூன்று மங்கலான பொறிகளே பற்றவைக்கும் மருந்து இடும் கிண்ணத்தில் விழுந்தன. தகடு சரியாகக் கடினப்படுத்தப்படவில்லை என்பது என் ஊகம். கல்லின் முனை மழுங்கியதாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, அசல் கருமருந்துக்குப் பதிலாக, பற்றுவதற்கு அதிக வெப்பம் தேவைப்படும் பைரோடெக்ஸ் என்ற மாற்று வெடிமருந்தை அவன் இட்டிருக்கிறான். (கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?)

தகட்டை மீண்டும் கடினப்படுத்தி, கிண்ணத்திலிருந்து குழலுக்குள் தீ செல்லும் பற்றுதுளையைச் சீராக்கினால் இதிலேயே பழக முடியுமா, அல்லது விற்றுவிட்டு, பொறியமைப்பு நன்றாக உள்ள ஒன்றுக்குப் பணம் சேர்ப்பதுதான் சரியா? தாமதமாகப் பற்றும் துப்பாக்கியில் கற்பவன் குறி தவறும்போது, பிழை கையினுடையதா கருவியினுடையதா என்று எப்படிப் பிரித்தறிவான் என்பதே என் முதன்மையான கவலை. வெளிநாட்டில் உரிய அனுமதியோடு சுட்டுப் பழகிய உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.