மூன்று புள்ளிக்கு ஒரே மீட்டர்: போனில் கரண்டுக் கணக்கு எழுதுகிறேன், ஆனால்...

பள்ளத்தூர் ஆச்சி கேட்டது:
எங்களுடையது தெருவுக்குத் தெரு ஓடுகிற பழைய வீடு. மூன்று புள்ளிக்கு, அதாவது மூன்று குடும்பத்துக்குப் பங்கு. மற்ற இருவரும் சென்னையில். நானும் என் வீட்டுக்காரரும்தான் இங்கே காவல். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஆகிற வீட்டில் இந்த முறை 612. 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் சலுகை குறைந்துவிடுகிறது. தொகையைப் பார்த்த கொழுந்தனார், "ஏசி மாட்டிவிட்டீர்களா அண்ணி?" என்கிறார். ஆத்தங்குடிக் கல்லில் துண்டை விரித்துப் படுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

பேரன் போனில் ஒரு செயலி இறக்கிக் கொடுத்தான். தினமும் மீட்டர் எண்ணைப் போட்டால் கோடு வரைந்து காட்டுகிறது. கோடு ஏறுகிறது, எதனால் என்று மட்டும் சொல்வதில்லை. தண்ணீருக்கு மீட்டரே இல்லை, போர்த் தண்ணீர். அதை எப்படி எழுதுவது?

காரைக்குடி வயர்மேன்:
ஆச்சி, இரவு படுக்கும்போது ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை எண்ணைப் போடுங்கள். எல்லாரும் தூங்கும்போது ஒளிந்து ஓடுகிற கரண்டு தெரிந்துவிடும். இன்னும் விரைவான வழி: மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னும். யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணுங்கள். அப்போதும் மின்னினால், மெயினை அணைத்து ஒரு பியூஸைக் கழற்றி, மறுபடி மெயினைப் போட்டுப் பாருங்கள். ஈரக்கையோடு போக வேண்டாம்.

தேவகோட்டைக்காரன்:
தண்ணீருக்கு மோட்டார்தான் மீட்டர். எங்கள் 1,000 லிட்டர் தொட்டி நிறைய 40 நிமிடம். நிமிடத்துக்கு 25 லிட்டர். மோட்டார் ஓடிய நிமிடத்தை மட்டும் செயலியில் எழுதுகிறேன். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுப்பதால் கரண்டுக் கணக்கும் அதிலேயே வந்துவிடுகிறது. கோடையில் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
எண்ணிவிட்டேன் தம்பி. ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, முகப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். எங்கள் மீட்டரில் யூனிட்டுக்கு 3,200. பத்து நொடிக்கு ஒருமுறை மின்னியது, மணிக்கு 360. பேரன் வகுத்துப் பார்த்து 112.5 வாட் என்றான். 60 நாளுக்கு 162 யூனிட். 612-இல் அதைக் கழித்தால் எங்கள் பழைய 450!

வளவின், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கட்டின், கீழ்ப்புற அறை வரிசைக்குப் போகிற பியூஸைக் கழற்றியதும் மின்னுவது நின்றது. திரும்ப மாட்டிவிட்டு அங்கே போனேன். இரவில் நாங்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. கொழுந்தனார் அறை, சாவி சென்னையில். தேக்குக் கதவில் காதை வைத்தால் உள்ளே மின்விசிறி கடக், கடக் என்று சுற்றுகிறது. கதவடியில் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம். தை மாதத்தில் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்தவர்கள் பூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து ஓடியிருக்கிறது.

போனில் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "விசிறி இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறதா அண்ணி?" என்றார்.

தேவகோட்டைத் தம்பிக்கு: எங்களுக்கும் 1,000 லிட்டர் தொட்டிதான், நிறைய 55 நிமிடம் ஆகிறது. போரில் தண்ணீர் இறங்கிவிட்டதா, மோட்டாருக்கு என் வயதாகிவிட்டதா?