‘ஸ்பின்’ என்பதற்குச் ‘சுழல்வீழ்வு’: முதல் உலகப்போர்க் காலப் பறத்தல் பயிற்சியை முன்வைத்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வானூர்தி தூக்குவிசை இழந்து, சுழன்றபடியே வீழும் ‘ஸ்பின்’ எனப்படும் நிலைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘தற்சுழற்சி’, ‘சுழல்’, ‘தட்டாமாலை’ ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ‘தற்சுழற்சி’க்கே ஆதரவு மிகுதி என்பது மடல்களிலிருந்து தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. புவி தன் அச்சில் சுழல்வதற்கும் எலெக்ட்ரானின் பண்பு ஒன்றுக்கும் அச்சொல் பாடநூல்களில் ஏற்கெனவே வழங்குகிறது என்பதை ஒரு காரணமாகச் சொல்லலாம். அதைவிட முதன்மையான குறை, வானூர்தி சுழல்கிறது என்பதை மட்டும் அச்சொல் தெரிவித்து, அது வீழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை விட்டுவிடுவதாகும். முதல் உலகப்போருக்கு முன்னும் போரின் முற்பகுதியிலும் விமானிகள் பலரைக் கொன்றது, சுழன்று வீழ்வதையும் வட்டமிட்டுப் பாய்வதையும் பிரித்தறியாத இந்தக் குழப்பம்தான்.

இறக்கையின் தாக்குகோணம் (எதிர்வரும் காற்றோடு இறக்கை கொள்ளும் சாய்வு) ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டும்போது, அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடுகிறது; தூக்குவிசை சரிகிறது. இதை ‘ஸ்டால்’ என்கிறோம். அந்நிலையில் வானூர்தி ஒரு பக்கமாகத் திரும்பினால், தாழும் இறக்கையின் தாக்குகோணம் இன்னும் கூடி, அது மேலும் தூக்கிழந்து மேலும் இழுவைக்கு உள்ளாகிறது. இவ்வாறு சுழற்சி தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. மூக்கு நிலத்தை நோக்கியிருந்தாலும் காற்றுவேகம் ஏறுவதில்லை. ‘ஸ்பைரல் டைவ்’ என்பது இதற்கு முற்றிலும் மாறானது. அதில் இறக்கை வேலை செய்துகொண்டே இருக்கிறது. சாய்ந்த வானூர்தி வட்டமிட்டு இறங்க, வேகம் நொடிக்கு நொடி கூடுகிறது. இருக்கையில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு இரண்டிலும் நிலம் சுழல்வதே தெரியும். ஆனால் மீளும் வழி வேறு. பின்னதில் முதலில் இறக்கைகளைச் சமன்செய்து, பிறகு பிடியை (மூக்கை ஏற்றி இறக்கும் கைத்தண்டை) மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். முன்னதிலோ சுழற்சிக்கு எதிர்ப்பக்கம், காலால் இயக்கும் வால் சுக்கானை முழுவதும் திருப்பி, பிடியை முன்னுக்குத் தள்ள வேண்டும். தரை தன்னை நோக்கி விரைந்து வரும்போது பிடியை முன்னுக்குத் தள்ளுவதற்குக் கை எளிதில் இசையாது.

1912 ஆகஸ்ட் 25 அன்று, இங்கிலாந்தின் சால்ஸ்பரி சமவெளியில் பிரித்தானியக் கடற்படை லெப்டினன்ட் வில்ஃப்ரெட் பார்க், மூடிய அறை கொண்ட அவ்ரோ வானூர்தியில் இந்நிலைக்குள் சிக்கினார். அக்கால அறிவுக்கு எட்டிய அனைத்தையும் அவர் செய்து பார்த்தார்: என்ஜின் விசையைக் கூட்டினார், மூக்கை உயர்த்தும் ஏற்றியை முழுவதும் பின்னுக்கு இழுத்தார், சுழலும் பக்கமே சுக்கானைத் திருப்பினார். எதுவும் பலிக்கவில்லை. உடல் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டதால் வலக்கையை விடுவித்து அறையின் சட்டம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, கடைசி முயற்சியாகச் சுக்கானை எதிர்ப்பக்கம் முழுவதும் உதைத்தார். தரையிலிருந்து ஏறத்தாழ 50 அடி உயரத்தில் வானூர்தி நேரானது. பறத்தல் வரலாற்றில் இது பெரிய நிகழ்வு. ஆயினும் அதற்கு வழங்கிய பெயர் ‘பார்க்கின் பாய்ச்சல்’ என்னும் பொருள்படும் ‘பார்க்ஸ் டைவ்’. நடந்தது பாய்ச்சல் அன்று. அவர் கண்டறிந்த வழி பயிற்சி முறைக்குள் இடம்பெறவுமில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விபத்தில் அவர் இறந்தார்.

போர் தொடங்கியபின் நிலைமை மேலும் மோசமானது. களத்துக்கு விமானிகள் அவசரமாகத் தேவைப்பட்டனர். களத்தில் களைத்து ஓய்வுக்குத் திரும்பியவர்கள் விருப்பமின்றிப் பயிற்றுநர்களாயினர். எஃப்.இ.8 என்னும் பிரித்தானியப் போர் வானூர்திகள் சுழன்று வீழ்ந்து விமானிகள் மாண்டபோது, 1916இல் ஃபார்ன்பரோ அரச வானூர்தித் தொழிற்சாலையின் விமானி ஃபிராங்க் குட்டன் அதே வகை வானூர்தியை வேண்டுமென்றே சுழலவிட்டு மீட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு இயற்பியலறிஞர் ஃபிரடெரிக் லிண்டெமன் தாமே பறக்கக் கற்று, சுழலும் வானூர்தியில் அமர்ந்தபடி கருவிகளின் அளவீடுகளை எடுத்தார். இந்த அறிவைச் சாதாரண மாணவரின் கைக்குக் கொண்டுசேர்த்த பெருமை ராபர்ட் ஸ்மித்-பாரியுடையது. 1916இல் பிரான்சின் சோம் களத்தில் 60ஆம் ஸ்குவாட்ரன் என்னும் வான்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அவர், தம்மிடம் அனுப்பப்படும் இளைஞர்கள் பறக்கவே அறியாதவர்கள் என்று களத்திலிருந்த பிரித்தானிய வான்படையின் தளபதி டிரென்சார்டுக்கு எழுதினார். முறையீட்டின் பயனாக இங்கிலாந்தின் கோஸ்போர்ட் நகரிலிருந்த பயிற்சி ஸ்குவாட்ரனே அவர் பொறுப்பில் விடப்பட்டது. 1917 ஏப்ரலில் அராஸ் களத்தில் பிரித்தானியர் ஏறத்தாழ 245 வானூர்திகளை இழந்துகொண்டிருந்த வேளையில், அவர் அங்கே புதிய பாடமுறையை வகுத்துவந்தார்.

மாணவரை ஆபத்தினின்று ஒதுக்கிவைப்பது பயிற்சி ஆகாது, ஆபத்துக்குள் அழைத்துச் சென்று வெளியேறும் வழியைக் காட்டி, பிறகு தனியே அதைச் செய்யவைப்பதே பயிற்சி என்பது அவர் கொள்கை. அவ்ரோ 504இல் விமானியின் இருக்கை மாணவருக்கு, பயணியின் இருக்கை பயிற்றுநருக்கு. போதிய உயரத்தில் என்ஜின் விசை குறைக்கப்படும். பிடி பின்னுக்கு வரும். வேகம் குறைவதால், இறக்கைகளைப் பிணைக்கும் கம்பிகளின் ஒலி தணியும். சுக்கானை ஒரு பக்கம் உதைத்ததும் ஓர் இறக்கை சரிந்து, வயல்கள் சுழலத் தொடங்கும். அப்போது கம்பிகள் வீறிடுவதில்லை என்பதை மாணவர் தம் காதாலேயே அறிவார். பேச்சுக்குழல் வழியாகப் பயிற்றுநர் சொல்லச் சொல்ல எதிர்ச்சுக்கான், பிடி முன்னுக்கு, சுழற்சி நிற்கும், அதன் பின்னரே கம்பிகள் ஒலியெழுப்பும், ஏனெனில் இப்போதுதான் வானூர்தி பாய்கிறது. வீழ்தல் எங்கே முடிகிறது, பாய்தல் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரே பாடத்தில் இவ்வளவு தெளிவாக உணர்த்திய முறை அதற்கு முன் இருந்ததில்லை.

தமிழில் ‘வீழ்’, ‘பாய்’ என இரண்டு வினைகள் தனித்தனியே இருப்பதால் நம் கலைச்சொற்களை அவற்றின் மீதே கட்டலாம் என்பது என் கருத்து. ‘ஸ்டால்’ என்பதற்குத் ‘தூக்கிழப்பு’, ‘ஸ்பின்’ என்பதற்குச் ‘சுழல்வீழ்வு’, ‘ஸ்பைரல் டைவ்’ என்பதற்குத் ‘திருகுப்பாய்வு’ என முன்மொழிகிறேன். வீழ்வது தாங்கும் விசையை இழந்த பொருள். பாய்வது வேகம் கொண்ட பொருள். சொல்லின் பிற்பாதியைக் கேட்டவுடனேயே இறக்கை வேலை செய்கிறதா இல்லையா என்பது விளங்கிவிடும்.

‘தட்டாமாலை’ அழகான சொல். ஆயினும் நின்ற இடத்தில் குழந்தைகள் சுற்றுவதை அது குறிப்பதால், கீழிறங்கும் இயக்கம் அதில் இல்லை. தணக்கு மரத்தின் இறக்கையுள்ள காய் காம்பினின்று விடுபட்டுச் சுழன்றுகொண்டே இறங்குவதைப் பார்த்தவர்கள், ‘சுழல்’ என்பதோடு ‘வீழ்வு’ சேர வேண்டியதன் தேவையை ஒப்புவார்கள்.

‘வீழ்வு’ தோல்வியை நினைவூட்டுகிறது, விமானி விரும்பிச் செய்யும் செயலுக்கு அது பொருந்துமா என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். பேரரசுகளுக்கும் விலைகளுக்கும் வழங்கும் ‘வீழ்ச்சி’யைத் தவிர்த்தது அதனால்தான். மேலும், 1917க்குப் பிறகு துரத்தப்பட்ட விமானிகள் எதிரியின் குறிக்குத் தப்புவதற்காக இந்நிலைக்குள் வேண்டுமென்றே இறங்கினார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது ‘சுழல்வீழ்வில் இறங்கினார்’, ‘சுழல்வீழ்விலிருந்து மீண்டார்’ என்று தடையின்றி எழுத முடிகிறது.

மாணவர், பயிற்றுநர் இருவரிடமும் பிடி இருக்கும் ‘டுவல் கண்ட்ரோல்’ அமைப்பு பற்றியும் இழையில் கேட்டிருந்தார்கள். ‘இரட்டைக் கட்டுப்பாடு’ இரண்டு அதிகாரங்கள் போட்டியிடுவதாகத் தொனிக்கிறது. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும் அமைப்புக்கு ‘இணைப்பிடி’ போதும்.

‘ஃபிளாட் ஸ்பின்’ என்பதில் மூக்கு தாழாமல் வானூர்தி கிட்டத்தட்டக் கிடைமட்டமாகச் சுழன்று இறங்கும். அதற்குக் ‘கிடைச் சுழல்வீழ்வு’ என்று எண்ணியிருக்கிறேன். ‘தட்டைச் சுழல்வீழ்வு’ என்பதை விரும்புவோர் காரணத்தோடு எழுதினால், இரண்டையும் வாக்கியங்களில் இட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.